நிழல்கட்டும் யாளிக்குட்டியும்

அன்புள்ள நிர்மலா,

உன் மெயில் வியாழக்கிழமை வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல், கொஞ்ச நாளைக்கு அடுப்படிப் பக்கம் போக விடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் பத்தாம் வகுப்பு என்பதால் வீட்டில் டிவி சத்தமே இல்லை. அவருக்கு மாற்றல் வரும் போலத் தெரிகிறது, திருச்சியா சேலமா என்று இன்னும் முடிவாகவில்லை. முடிவானதும் எழுதுகிறேன்.

அப்புறம், நீ கேட்டது. டொராண்டோவில் நீ, சிங்கப்பூரில் ரதி, சென்னையில் மற்ற மூவர் என்று சனிக்கிழமை தோறும் டிஸ்கார்டில் உட்கார்ந்து டி&டி (பகடை உருட்டிக் கதை ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’) ஆடுவதே எனக்குப் பெரிய சந்தோஷம். கதையை நடத்தும் டி.எம். நீதான். அதில் இப்போது கவின் தானே எழுதிய ஒரு மந்திரத்தைக் கொண்டுவந்து சேர்க்கச் சொல்கிறான், ரதி தன் ரேஞ்சருக்கு (அவள் ஆடும் வேட்டைக்காரப் பாத்திரம்) ஒரு யாளிக்குட்டி வேண்டும் என்கிறாள். ‘இரண்டையும் விட்டால் ஆட்டம் கெட்டுவிடுமா?’ என்று கேட்டிருக்கிறாய். இரண்டையும் விடு. ஆனால் நீ டேமேஜ் கணக்கை மட்டும் போட்டுப் பார்த்துக் கவலைப்படுகிறாய். நான் முதலில் பார்ப்பது, இது மற்றவர்களுடைய நேரத்தில் எவ்வளவை எடுத்துக்கொள்கிறது என்பதைத்தான்.

2014 விதிப் புத்தகத்தில் இருக்கும் ‘கான்ஜர் அனிமல்ஸ்’ மந்திரத்தை எடுத்துக்கொள். மூன்றாம் நிலை மந்திரம். எட்டு ஓநாய்களை வரவழைக்கலாம். கூட்டாளி பக்கத்தில் நின்றால் ஓநாய்க்கு அட்வான்டேஜ் உண்டு, அதனால் ஒவ்வொரு கடிக்கும் இரண்டு டி20 (இருபது முகப் பகடை) உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். கவச எண் 15 உள்ள எதிரி மேல் எட்டில் ஆறு கடி விழும். ஒரு கடிக்குச் சராசரி டேமேஜ் 7, ஆக ரவுண்டுக்கு (எல்லோரும் ஒரு முறை ஆடி முடிப்பது) ஏறக்குறைய 42. அதே நிலையில் இருக்கும் ஃபயர்பால் ஒரு எதிரிக்குச் சராசரி 28தான், அதுவும் ஒரே ஒரு முறை. சரி, கணக்குப்படி இது அதிகம். ஆனால் கணக்கைவிடப் பெரிய கஷ்டம் வேறு. பதினாறு டி20 உருள வேண்டும், விழுந்த கடிக்கெல்லாம் டி4 உருள வேண்டும், கடி விழும்போதெல்லாம் எதிரி கீழே விழுகிறானா என்று நீ ஒரு சேவ் (தப்பிப்பதற்கான பகடை) உருட்ட வேண்டும். ஒருவருடைய ஒரு டர்னுக்கு முப்பதுக்கு மேல் டைஸ். நேரில் ஒரே மேசையில் என்றால் மற்றவர்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டு அரட்டை அடிப்பார்கள். ஆன்லைனில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு வேறு டேபைத் திறந்துவிடுவார்கள். திரும்பி வரும்போது கதை எங்கே நிற்கிறது என்றே தெரியாது. 2024 புத்தகத்தில் இந்த மந்திரத்தையே மாற்றிவிட்டார்கள். இப்போது வருவது ஆவி போன்ற ஒரே கூட்டம். பக்கத்தில் மாட்டும் எதிரிக்கு ஒரு சேவ், தவறினால் 3டி10, அதாவது பத்து முகப் பகடை மூன்றை உருட்டி வருகிற டேமேஜ். பழைய ஓநாய்களின் அழகு இதில் இல்லை என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு, எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனாலும் மாற்றியது சரி.

நெவர்விண்டர் நைட்ஸ் கம்ப்யூட்டர் கேம் ஞாபகம் இருக்கிறதா? 2002-ல் வந்தது. அதனுடன் கொடுத்த கருவியை வைத்து ஆட்டக்காரர்களே உலகம் கட்டி, தாங்களே சர்வர் நடத்தினார்கள். அதில் ‘டைம் ஸ்டாப்’ மந்திரத்தை ஒருவர் போட்டால் அந்த சர்வரில் இருக்கிற அத்தனை பேரும் உறைந்து நிற்பார்கள். எங்கோ வேறு ஊரில் கடைக்காரரிடம் வாள் விலை பேசிக்கொண்டிருப்பவரும் நிற்க வேண்டியதுதான். பல சர்வர்களில் அதை எடுத்துவிட்டார்கள், அல்லது மாற்றி எழுதினார்கள். அந்த மந்திரத்தில் டேமேஜ் துளிகூடக் கிடையாது என்பதைக் கவனி.

இப்போது கவினின் ‘நிழல்கட்டு’. எதிரியின் நிழலைத் தரையோடு கட்டிவிட்டால் அவன் ஒரு நிமிடத்துக்கு அசையவும் முடியாது, எதுவும் செய்யவும் முடியாது. சேவ் இல்லை, கான்சன்ட்ரேஷன் (போட்டவர் கவனம் சிதறாமல் மந்திரத்தைப் பிடித்து வைத்திருப்பது) இல்லை, எந்த உயிர் மேலும் போடலாம். இரண்டாம் நிலை. அனுப்பியிருந்த பத்தியைப் படித்தேன், பையன் அருமையாக எழுதியிருக்கிறான். கற்பனையில் குறையே இல்லை. ஆனால் பக்கத்தில் ‘ஹோல்ட் பர்சன்’ மந்திரத்தை வைத்துப் பார். அதுவும் இரண்டாம் நிலைதான். மனிதர், எல்ஃப், ஓர்க் போன்ற மனித உருவத்தார் மேல் மட்டும்தான் பலிக்கும். முதலில் ஒரு சேவ், அப்புறம் ஒவ்வொரு டர்ன் முடிவிலும் இன்னொரு சேவ், போட்டவர் கான்சன்ட்ரேஷனும் வைத்திருக்க வேண்டும். மனித உருவம் என்ற அந்த ஒரு வரம்பை எடுத்துவிட்டு ‘ஹோல்ட் மான்ஸ்டர்’ ஆக்கினால் உடனே ஐந்தாம் நிலைக்குப் போய்விடுகிறது. புது மந்திரம் வந்தால் நான் செய்வது இதுதான்: அதன் உறவுக்காரன் போலிருக்கும் பழைய மந்திரத்தைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்துவேன். டி.எம். கையேட்டில் டேமேஜுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. இரண்டாம் நிலைக்கு ஒரு எதிரி என்றால் 3டி10, பலர் என்றால் 4டி6. மூன்றாம் நிலைக்கு 5டி10, 6டி6. (ஃபயர்பால் 8டி6 என்பது அந்த அட்டவணையைத் தாண்டியது. அதை அளவுகோலாக வைத்து யாராவது வாதாடினால் விட்டுக்கொடுக்காதே.) ஆனால் கட்டிப்போடுகிற மந்திரத்துக்கு அந்த அட்டவணை உதவாது, பழைய மந்திரத்தோடு ஒப்பிடுவதுதான் ஒரே வழி.

நீ இதற்குப் போட்ட தீர்வு, மந்திரத்தை நாளுக்கு ஒரு முறை என்று வைப்பது. அது எனக்குப் பிடிக்கவில்லை. உன் பெரிய வில்லன் வருகிற அன்றைக்காக அந்த ஒரு முறையைச் சேமித்து வைத்திருப்பான், அன்றைக்கு நீ அழ வேண்டியதுதான். இப்படிச் செய்து பார். விஸ்டம் சேவ், டர்ன் முடிவில் மறுபடி சேவ், கான்சன்ட்ரேஷன், எல்லாம் இருக்கட்டும். கட்டுப்பட்டவனால் இடம் விட்டு நகர முடியாது, அவ்வளவுதான். கையும் வாயும் வேலை செய்யும். அப்படி வைத்தால் எந்த உயிர் மேலும் போட விடலாம். இதன் மேல் ஒரே ஒரு நிபந்தனை: நிழல் விழுகிற அளவுக்கு வெளிச்சம் இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனையில்தான் எனக்கு ஆசை. குகைக்குள் யாராவது தீப்பந்தம் பிடித்தால்தான் மந்திரம் பலிக்கும். உன் க்ளெரிக்கிடம் (பூசாரிப் பாத்திரம்) ‘லைட்’ மந்திரம் இருக்கிறது, அது தேவைப்படுகிற ரவுண்டு வந்துவிட்டது. எதிரிகளில் புத்திசாலி ஒருவன் பந்தத்தைத் தட்டிவிடப் பார்ப்பான், அதைத் தடுக்க உன் ஃபைட்டர் ஓட வேண்டும். கவினின் மந்திரம் மூன்று பேருக்கு வேலை கொடுக்கிறது. ஒரு மந்திரத்துக்குக் கடிவாளம் போடும்போது அது இன்னொருவர் கையில் இருக்கிற மாதிரி போட்டுவிட்டால், அவனுக்கும் குறை தெரியாது, மற்றவர்களும் அவன் மந்திரம் பலிக்க வேண்டும் என்று துடிப்பார்கள்.

யாளி விஷயம் இதைவிட எனக்கு நெருக்கமானது. மதுரையில் ஆயிரங்கால் மண்டபத்துத் தூண்களில் சிங்க உடம்பும் யானைத் துதிக்கையுமாக நிற்கிறதே, அதன் குட்டிதான் வேண்டும் என்று ரதி சொன்னதாக எழுதியிருந்தாய். மறுக்காதே. 2014 ‘பீஸ்ட் மாஸ்டர்’ (மிருகத் துணையோடு வரும்) ரேஞ்சர் பட்ட பாடு உனக்குத் தெரியும். மிருகம் தாக்க வேண்டுமென்றால் ரேஞ்சர் தன் ஆக்‌ஷனையே கொடுக்க வேண்டும். ஐந்தாம் லெவலில் ஒரு வெட்டு மட்டும் கூடச் செய்யலாம், அவ்வளவுதான். ஆசையாய் வளர்க்கிற மிருகம் அப்படியே சுமையாகிவிடுகிறது. 2020-ல் வந்த ‘டாஷா’ புத்தகம் இதைச் சரிசெய்தது. போனஸ் ஆக்‌ஷன் (டர்னில் கூடுதலாகச் செய்யும் சின்ன வேலை) கொடுத்தால் போதும், ரேஞ்சரின் டர்னிலேயே அதுவும் தாக்கிவிடும். தரை மிருகத்துக்கு ஹிட் பாயிண்ட் (உயிர் அளவு) 5, அதனுடன் லெவலுக்கு ஐந்து. ரதிக்கு இப்போது ஐந்தாம் லெவல் என்பதால் 30. நீ அந்தத் தரை மிருகத்தையே எடுத்துக்கொண்டு மேலே யாளி உருவத்தைப் போர்த்திவிடு. அதற்கு ஓடிவந்து முட்டித் தள்ளுகிற சக்தி ஒன்று உண்டு. அதை எடுத்துவிட்டு, துதிக்கையால் சுற்றிப் பிடிப்பதை வை. சேர்க்காதே, மாற்று. பறப்பது, தீ கக்குவது எல்லாம் பெரியதான பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கவினிடம் ஏற்கெனவே ஆந்தை இருக்கிறது. ஃபமிலியர் (மந்திரவாதியின் துணை உயிர்) தாக்காது, ஆனால் ஒவ்வொரு ரவுண்டும் பறந்து வந்து ‘ஹெல்ப்’ செய்துவிட்டு எதிரியின் கைக்கு எட்டாமல் போய்விடும். இதையும் யாளியையும் சேர்த்தால் நான்கு பேர் மேசையில் ஆறு பேர் நிற்கிறார்கள். இதற்கு மேல் யாரையும் ஏற்றாதே, ஆளுக்கு ஒரு துணை என்று இப்போதே சொல்லிவிடு. அல்டிமா ஆன்லைன் என்ற கம்ப்யூட்டர் கேமிலும் இதே பிரச்சினைதான் வந்தது. மிருகம் பழக்குகிறவர்கள் பின்னால் படையே திரிந்தது. கடைசியில் ஆளுக்கு ஐந்து இடம்தான் என்று வைத்தார்கள், டிராகன் மாதிரிப் பெரிய மிருகம் அதில் பல இடங்களைப் பிடித்துக்கொள்ளும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்டி. சண்டை சுலபமாகப் போகிறது என்று அந்தக் குட்டியைக் குறிவைத்துக் கொல்லாதே. ரதி அதற்குப் பெயர் வைத்துவிட்டாள், என்ன தின்னும் என்று கேட்டு எனக்கே மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். டாஷா விதிப்படி செத்து ஒரு மணி நேரத்துக்குள் ஒரு ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடும் ஒரு வாய்ப்பு) கொடுத்தால் ஒரு நிமிடத்தில் முழு உயிரோடு எழுந்துவிடும். அந்த விதியை அப்படியே வை. ரேஞ்சருக்கு ஸ்லாட் குறைவு, அந்த இழப்பே போதும். சண்டை சுலபமாக இருந்தால் எதிரிப் பக்கம் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொள்.

ரோல்20 தளத்தில் ஒரு டோக்கனை (வரைபடத்தில் நகர்த்தும் காய்) இரண்டு பேர் கட்டுப்பாட்டில் விடலாம் இல்லையா? யாளியின் டோக்கனை ரதிக்கும் ஃபைட்டர் ஆடுகிற பையனுக்கும் சேர்த்துக் கொடு. அவன் அடிபட்டு விழுந்து டெத் சேவ் (சாவா பிழைப்பா என்று பார்க்கும் பகடை) போட்டுக்கொண்டு சும்மா இருக்கிற ரவுண்டுகளில், ரதி சம்மதித்தால் குட்டியை அவன் ஆடட்டும்.

நிழல்கட்டைத் திருத்தி எழுதியதும் சனிக்கிழமைக்கு முன்னால் எனக்கு அனுப்பு, வெளிச்சம் பற்றிய வரியை நான் ஒரு முறை பார்க்க வேண்டும். நிலா வெளிச்சம் சேர்த்தியா இல்லையா என்று கவின் கட்டாயம் கேட்பான், அதற்கு இப்போதே பதில் எழுதி வைத்துவிடு. அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சுமதி