பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

அத்தை கொடுத்தனுப்பிய வடகம் வந்து சேர்ந்ததா? சேர்ந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, வேலை இருக்கும். சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே. மாடி வீட்டு விஷயத்தில் சின்ன மாமா இறங்கி வந்துவிட்டார், நேரில் சொல்கிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது மொட்டை மாடியில் நீ சொன்னது இன்னும் என்னை விடவில்லை. மனுஷன் இந்தப் பூமியைப் பிடித்த நோய், அவன் ஒழிந்தால்தான் மற்ற உயிர்கள் பிழைக்கும் என்றாய். நான் பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் நீயும் சரியாகப் பேசுவதில்லை.

நீ கொடுத்த, அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் வைட்டின் கட்டுரையைப் படித்தேன். 1967-இல் எழுதியது. இயற்கை மனிதனுக்காகவே படைக்கப்பட்டது என்ற மேற்கத்திய கிறிஸ்தவ எண்ணத்தில்தான் இன்றைய சூழல் சீரழிவுக்கு வேர் இருக்கிறது என்கிறார். வலுவான வாதம்தான். ஆனால் கடைசிப் பக்கத்தைப் பற்றி நீ சொல்லவே இல்லையே! எறும்பையும் நெருப்பையும் உடன்பிறப்பாக நினைத்த அசிசி பிரான்சிஸ் என்ற கிறிஸ்தவத் துறவியை அல்லவா அவர் வழிகாட்டியாக முன்வைக்கிறார்? அதே பிரான்சிஸை 1979-இல் போப் இரண்டாம் ஜான் பால் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். நோயைச் சொன்னவரே மருந்தையும் அதே மதத்துக்குள் தேடியிருக்கிறார்.

நம் பக்கம் பார். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று ஒரே வரிசையில் வைக்கிறது. கடலோர நெய்தல் நிலத்தில் கடற்பறவைக்குப் பக்கத்திலேயே வலை வீசுகிறவனின் தொழிலும் இருக்கிறது. அவனை எடுத்துவிட்டால் அது நெய்தலே இல்லை.

2023 டிசம்பரில் புயல் மழைக்கு அப்புறம் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததே, அந்தக் கூழைக்கடாக்களைப் பார்த்துவிட்டு வந்து நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதே தண்ணீரில் இறங்கி எண்ணெயைக் கையால் வாரி டிரம்மில் ஊற்றிய மீனவர்களையும் நீ பார்த்தாய். கொட்டவிட்டவரையும் வாரியவரையும் ஒரே கணக்கில் எழுதுவது நியாயமா? தத்துவம் படிக்கிற பிள்ளை, இந்த வித்தியாசத்தை நீ பார்க்க வேண்டாமா? நம் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்தவள் நீதான். அதை யாரிடமும் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ஏழுகிணற்றில் வளர்ந்து, நம் ஒற்றியூர்க் கோயிலுக்கு வந்து வந்து பாடிய வள்ளலார், வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினார். அந்த மனசுதான் 1867-இல் வடலூரில் பசித்தவர்களுக்காக அடுப்பு மூட்டியது. அது இன்றைக்கும் அணையவில்லை. பயிருக்கு அழுதவர் மனுஷனை வெறுக்கவில்லை, பாப்பா.

மனுஷனே வேண்டாம் என்று நீ சொல்லும்போது அதில் நீயும் இருக்கிறாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ராத்திரி தூங்குகிறாயா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அம்மாவிடம் இதெல்லாம் நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். அப்பா சொல்வது தப்பு என்று சண்டை போடு, எவ்வளவு நேரமானாலும் கேட்கிறேன். பேச மனசில்லை என்றால் ஒரு மெசேஜ் போதும், அன்றைக்கே ரயிலேறி வந்துவிடுவேன்.

அப்பா