எண்ணோடு மட்டையையும் ஆட்டக் கணக்கையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் சாதனைகளைப் பெட்டி கட்டிப் போட்டிருந்தீர்கள். தமிழில் இந்த விளையாட்டைப் பற்றி நாலு வரி வருவதே அபூர்வம், அதனால் முதலில் நன்றி. ஆனால் பெயர், கல்லூரி, எண் என்று மூன்றே மூன்று கட்டம் வைத்துவிட்டு நிறுத்திவிட்டீர்கள். எந்த ஆண்டு, அந்த ஆண்டில் என்ன மட்டை, மொத்தம் எத்தனை ஆட்டம் என்று சொல்லாமல் கல்லூரி பேஸ்பாலில் ஓர் எண்ணை மட்டும் நீட்டினால், படிக்கிறவர் தப்பாகத்தான் புரிந்துகொள்வார். அதற்குத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முதல் வரியையே எடுத்துக்கொள்கிறேன். பீட் இன்காவிலியா, ஒக்லஹோமா ஸ்டேட், 48 ஹோம் ரன் (பந்தை மைதானச் சுவரைத் தாண்டி அடிப்பது, கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி). அது 1985 சீசன். அதே சீசனில் 143 ஆர்பிஐ, அதாவது அவர் அடித்த அடியால் அணிக்கு வந்து சேர்ந்த ரன்கள் அத்தனை. மூன்றே வருடக் கல்லூரி ஆட்டத்தில் மொத்தம் 100 ஹோம் ரன். கல்லூரி ஆட்டத்தின் மேல்தட்டான டிவிஷன் 1இல் இன்றுவரை யாரும் தாண்டவில்லை. சரி. அதற்குக் கீழே 2024இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் சார்லி கான்டன் 37 என்று ஒரு வரி. பார்த்தவுடன் என்ன தோன்றும்? 48 எங்கே, 37 எங்கே, கிட்டத்தில்கூட வரவில்லையே என்றுதானே? ஆனால் இன்காவிலியா ஆடியது 75 ஆட்டம், கான்டன் ஆடியது 60. வகுத்துப் பாருங்கள். ஆட்டத்துக்கு முன்னவர் 0.64, பின்னவர் ஏறக்குறைய 0.62. கான்டன் அதே வேகத்தில் 75 ஆட்டம் ஆடியிருந்தால் கணக்குப்படி 46 வந்திருக்கும். பதினொரு ஹோம் ரன் வித்தியாசம் இரண்டாகச் சுருங்கிவிட்டது, இத்தனைக்கும் நான் இன்னும் மட்டைக்கே வரவில்லை.

மட்டைதான் இங்கே பெரிய விஷயம். தொழில்முறை பேஸ்பாலில் மர மட்டை மட்டும்தான். கல்லூரிகளில் 1974இலிருந்து அலுமினியத்துக்கு அனுமதி. மர மட்டை அடிக்கடி உடையும், வருடா வருடம் வாங்கி மாளாது என்பதுதான் அப்போது சொன்ன நியாயம். ஆனால் வந்தது வெறும் சிக்கனம் அல்ல. மரத்தில் பந்து மோதினால் நசுங்குவது பந்துதான், நசுங்கும்போதே அதன் வேகத்தில் பெரும்பகுதி வீணாகிவிடும். அலுமினிய மட்டை உள்ளே வெறும் குழாய், பந்து பட்டதும் அதன் சுவர் லேசாக உள்வாங்கித் திரும்ப உதைக்கும், பந்து அவ்வளவாக நசுங்காது, வேகம் மிச்சமாகும். போதாததற்கு எடையும் குறைவு, அதனால் சுழற்றுவதும் வேகம். கிரிக்கெட் ரசிகர்களுக்கு 1979 பெர்த் டெஸ்டில் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு இறங்கியதும் இங்கிலாந்து கேப்டன் பிரியர்லி புகார் செய்ததும் நினைவிருக்கும். கிரிக்கெட்டில் உடனே மரம்தான் என்று விதி எழுதிக் கதவைச் சாத்திவிட்டார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் அந்தக் கதவு திறந்தே கிடந்தது, மட்டைக் கம்பெனிகள் வருடத்துக்கு வருடம் இன்னும் மெல்லிய, இன்னும் லேசான மட்டையாகக் கொண்டுவந்து குவித்தார்கள்.

அது எங்கே போய் முடிந்தது என்றால், 1998இல் ஒமாஹா நகரில் நடந்த காலேஜ் வேர்ல்ட் சீரிஸில், அதாவது கல்லூரிகளின் தேசியப் பட்டத்துக்கான இறுதித் தொடரில். அந்த ஒரு தொடரில் மட்டும் 62 ஹோம் ரன். இறுதி ஆட்டத்தில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அரிசோனா ஸ்டேட்டை 21க்கு 14 என்று ஜெயித்தது. பேஸ்பால் ஸ்கோர் மாதிரியா இருக்கிறது? அமெரிக்கக் கால்பந்து ஸ்கோர் என்று அந்த நாட்டுக்காரர்களே கேலி செய்தார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்) அணி ஒரே சீசனில் 188 ஹோம் ரன் அடித்தது, அணிகளுக்கான அந்தச் சாதனையும் அப்படியே நிற்கிறது. 2024இல் டென்னசி 184 வரை வந்து நான்கில் விட்டது.

பிறகுதான் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. கடிவாளம் போட ஆரம்பித்தது. மட்டையின் பருமனைக் குறைத்தார்கள். நீளத்தை அங்குலத்திலும் எடையை அவுன்ஸிலும் எடுத்துக் கழித்தால் மூன்றுக்கு மேல் வரக்கூடாது என்றார்கள், அதாவது 34 அங்குல மட்டை என்றால் 31 அவுன்ஸாவது இருக்க வேண்டும். அது போதவில்லை. 2011இல் பிபிசிஓஆர் என்ற புதிய தரக்கட்டுப்பாடு வந்தது, அலுமினியமோ வேறு எதுவோ, பந்தைத் திருப்பி உதைப்பதில் மரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2010இல் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 0.94 ஹோம் ரன் அடித்தது, அடுத்த வருடம் 0.52. ஆடும் பையன்கள் ஒரே குளிர்காலத்தில் பலவீனமாகிவிட்டார்களா என்ன? 2014 காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் முழுவதும் சேர்த்து மூன்றே மூன்று ஹோம் ரன். (மைதானமும் 2011இல் மாறியது, பழைய ரோசன்பிளாட்டை விட்டுப் புது மைதானத்துக்குப் போனார்கள், அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.) ஆட்டம் இப்படி வறண்டுபோனதும் 2015இல் பந்தை மாற்றினார்கள், தையல் மேடு தட்டையான பந்து, காற்று அவ்வளவாகப் பிடித்து இழுக்காது, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் விழும். ஆகவே கான்டனுக்கும் ஒரு சலுகை இருந்தது, அதை மறைக்க நான் தயாராக இல்லை. 1985 மட்டை ஒரு பக்கம், 2024 பந்து ஒரு பக்கம். இரண்டையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக வைப்பதுதான் சிக்கல்.

இதைப் படித்துவிட்டு இன்காவிலியா அலுமினிய மட்டையால் மட்டும் பெயர் வாங்கியவர் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லூரி முடித்து, தொழில்முறையின் கீழ்ப்படியான மைனர் லீக் பக்கமே போகாமல், நேரே உச்சப்படியான மேஜர் லீக்கின் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியில் இறங்கி, 1986இல் மர மட்டையை வைத்துக்கொண்டு முதல் சீசனிலேயே 30 ஹோம் ரன் அடித்தவர் அவர். கூடவே 185 தடவை ஸ்ட்ரைக் அவுட்டும் (எறிந்த பந்தை அடிக்க முடியாமல் அவுட்) ஆனார், அது வேறு கதை. அடித்தால் தூரம், விட்டால் காற்று.

ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு வருகிறேன், உங்கள் பெட்டியில் மிகவும் அடிபட்டுப்போனது அதுதான். விசிட்டா ஸ்டேட்டின் ஃபில் ஸ்டீஃபன்சன் நான்கு வருடத்தில் 418 ஹிட் (எதிரணியின் பிழையால் அல்லாமல், தான் அடித்த அடியாலேயே பேஸ் என்ற ஓட்ட நிறுத்தத்தை எட்டுவது), 206 பேஸ் திருட்டு (யாரும் பந்தை அடிக்காதபோதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது). 1982 சீசனில் மட்டும் 87 பேஸ் திருடினார், அந்த வருடம் அணி ஆடியதும் 87 ஆட்டம், 73 வெற்றி, 14 தோல்வி. இன்று வழக்கமான சீசனுக்கு 56 ஆட்டம்தான் உச்சவரம்பு. நாக்அவுட் சுற்றுகளில் கடைசிவரை போனாலும் 70ஐ ஒட்டித்தான் நிற்கும். அதோடு நன்றாக ஆடுகிற பையனை மூன்றாவது வருடம் முடிந்ததுமே மேஜர் லீக் அணிகள் டிராஃப்ட் என்ற வீரர் தேர்வில் தூக்கிக்கொண்டு போய்விடும். 206ஐ இனி யார் எட்டப்போகிறார்கள்? எட்டாதது திறமைக் குறைவா, காலண்டரின் குறைவா என்று உங்கள் பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஸ்டீஃபன்சன் பெயர் வந்துவிட்டதால் இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. அதே 1982இல் ஒமாஹாவில் மயாமி அணிக்கு எதிரான ஆட்டம். ஸ்டீஃபன்சன் முதல் பேஸில் நிற்கிறார், எந்த நேரமும் ஓடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். மயாமி பிட்சர் (பந்து எறிபவர்) சட்டென்று திரும்பி முதல் பேஸுக்கு எறிகிற மாதிரி கையை வீசுகிறார். முதல் பேஸ்காரர் பந்தைத் தவறவிட்ட மாதிரி பாய்ந்து விழுகிறார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த மயாமி ஆட்கள் எழுந்து அதோ போகிறது, இதோ போகிறது என்று வலது பக்கச் சுவரைக் காட்டிக் கூச்சல். ஸ்டீஃபன்சன் இரண்டாம் பேஸை நோக்கி ஓடுகிறார், பந்து பிட்சர் கையிலேயே இருக்கிறது, நிதானமாக எறிந்து அவுட்டாக்கினார்கள். அந்த சீசனில் நாட்டிலேயே அதிகம் திருடியவரை இல்லாத பந்தைக் காட்டிப் பிடித்துவிட்டார்கள். ஸ்கோர் புத்தகத்தில் அது வெறும் ஓர் அவுட்.

இப்போது வென்டுரா. 1987இல் ஒக்லஹோமா ஸ்டேட்டின் ராபின் வென்டுரா தொடர்ந்து 58 ஆட்டங்களில் ஹிட் அடித்தார். அதற்கு முன்னால் இருந்த சாதனை இதே ஸ்டீஃபன்சனின் 47. மேஜர் லீக்கில் 1941இல் ஜோ டிமாஜியோ அடித்தது 56 என்பதால், டிமாஜியோவைத் தாண்டிய கல்லூரிப் பையன் என்று நாடு முழுக்கப் பேச்சு. உங்கள் பெட்டியிலும் அதே தொனி. ஒன்று மரம், ஒன்று அலுமினியம், ஒன்று தினமும் ஆடுவது, ஒன்று வாரத்துக்கு நாலைந்து, இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? நான் வேறு ஒன்றைக் கவனித்தேன். அந்தத் தொடர் முடிந்தது காலேஜ் வேர்ல்ட் சீரிஸில் ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக, பிட்சர் ஜாக் மெக்டவல். கடைசித் தடவை வென்டுரா அடித்த பந்து தரையில் உருண்டு இரண்டாம் பேஸ்காரரிடம் போனது, அவர் எறிந்தது கோணலாகப் போய்விட்டது, வென்டுரா பேஸில் நின்றார். ஹிட்டா, எதிரணியின் பிழையா? அதிகாரபூர்வ ஸ்கோரர் பிழை என்று எழுதினார். தொடர் 58இல் நின்றது. என் கருத்தில் அவர் எழுதியது சரிதான். ஆனால் கவனியுங்கள், ஹிட் தொடர் என்பது எப்போதும் மேலே உட்கார்ந்து எழுதுகிற ஒருவருடைய தீர்ப்பையும் சேர்த்ததுதான், கல்லூரி ஆட்டங்களில் சாதாரணமாக அந்த ஆளை ஏற்பாடு செய்வதே உள்ளூர் அணியின் கல்லூரி.

2010இல் ஃப்ளோரிடா இன்டர்நேஷனலின் கேரட் விட்டெல்ஸ் 56 வரை போனார். சீசன் முடிந்துவிட்டதால் தொடர் அப்படியே நிறுத்தி வைக்கப்பட்டு அடுத்த வருடத்துக்குத் தாவியது. அடுத்த வருடம் என்றால் 2011, அதாவது புது மட்டை. முதல் ஆட்டத்திலேயே ஹிட் இல்லை, கதை முடிந்தது. மட்டைதான் காரணம் என்று ஒரு ஆட்டத்தை வைத்து நான் சாதிக்க மாட்டேன், ஆனால் 56ஆம் ஆட்டத்துக்கும் 57ஆம் ஆட்டத்துக்கும் நடுவில் கையில் இருந்த கருவி மாறிப்போனது என்பதை ஒரு வரியிலாவது சொல்ல வேண்டாமா?

பட்டியலிலேயே வராத ஆட்களும் உண்டு. பிரைஸ் ஹார்ப்பர் 2010இல் தெற்கு நெவாடா கல்லூரிக்காக 31 ஹோம் ரன் அடித்தார், அந்த லீக்கில் மர மட்டைதான் விதி. ஆனால் அது இரண்டு வருடக் கல்லூரி, என்.சி.ஏ.ஏ.வில் சேராது, அதனால் அந்த 31 உங்கள் பெட்டிக்குள் நுழையவே முடியாது. என்னைக் கேட்டால் அந்தக் காலகட்டத்துக் கல்லூரி பேட்டிங்கில் அதுதான் எடை அதிகமான எண்.

பிட்சர்கள் கணக்கு இவ்வளவு மோசமில்லை. 1979இல் ஹவாயின் டெரெக் டட்சுனோ 234 ஸ்ட்ரைக் அவுட், 2023இல் எல்எஸ்யூவின் பால் ஸ்கீன்ஸ் 209. ஸ்கீன்ஸ் அதை எடுத்தது 122 இன்னிங்ஸுக்குச் சற்று மேலே எறிந்து, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு (ஒரு முழு ஆட்டத்துக்கு) 15க்கும் மேல். அந்த விகிதத்தையும் பக்கத்தில் போட்டிருந்தால் போதும்.

இன்னொன்று, "பெருமைக்குரிய சாதனை" என்ற தலைப்பின் கீழ் 2009 டெக்சஸ் - பாஸ்டன் காலேஜ் ஆட்டத்தைச் சேர்த்திருந்தீர்கள். 25 இன்னிங்ஸ், ஏழு மணி நேரத்துக்கும் மேல், டெக்சஸ் 3-2. கல்லூரி வரலாற்றிலேயே நீளமான ஆட்டம், மறுக்கவில்லை. ஆனால் அதில் டெக்சஸின் ஆஸ்டின் வுட் நடுவில் வந்து 13 இன்னிங்ஸ் எறிந்தார், 169 பந்து. அதில் 12க்கும் மேற்பட்ட இன்னிங்ஸ் வரை யாரும் அவரிடம் ஹிட் அடிக்கவில்லை என்பது அபாரம்தான். சம்பளம் வாங்காத ஒரு மாணவனின் தோளில் ஒரே ராத்திரியில் 169 பந்தைச் சுமத்தியவர்களை யாரும் கேட்கவில்லையே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதற்குப் பெருமை என்ற தலைப்பு ஒட்டவில்லை.

கடைசியாக ஒரு நேரடித் திருத்தம். வென்டுராவின் 58ஐ "அனைத்துக் கல்லூரிகளுக்கான சாதனை" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். ரோட் ஐலண்டில் உள்ள சால்வே ரெஜினா என்ற சின்னக் கல்லூரியின் டேமியன் காஸ்டன்டினோ 2001க்கும் 2003க்கும் இடையில் தொடர்ந்து 60 ஆட்டங்களில் ஹிட் அடித்திருக்கிறார், அது டிவிஷன் 3. உதவித்தொகை இல்லாமல் ஆடுகிற பையன்களின் டிவிஷன் என்பதால் யாரும் பேசுவதில்லை, ஆனால் என்.சி.ஏ.ஏ.வின் எல்லா டிவிஷனையும் சேர்த்தால் முதலிடம் அவருக்குத்தான். வென்டுரா பெயருக்குப் பக்கத்தில் "டிவிஷன் 1" என்று சேர்த்து, கீழே காஸ்டன்டினோவுக்கு ஒரு வரி கொடுத்தால் திருத்தம் முடிந்தது.

இப்படிக்கு,
உங்கள் விளையாட்டுப் பக்க வாசகர்