கட்டையை அறுக்க வேண்டாம் என்று சொல்

பழைய வண்ணாரப்பேட்டை,
ஐப்பசி அடைமழை

அன்புள்ள ஒல்லிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் கரண்ட் போய்விடுகிறது. தெருவில் முழங்கால் தண்ணீர். இன்றுதான் வானம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது.

உன் பையன் அங்கே கனடாவில் மான் வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்துவிட்டான் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். காசிமேட்டில் உயிர் நண்டு வாங்கினால் பையைத் தொடக்கூட மாட்டாயே நீ, உனக்கு இப்படி ஒரு பிள்ளை! ஆனால் அடுத்த வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. பழைய ராணுவத் துப்பாக்கி, திரீ நாட் திரீ லீ என்ஃபீல்டு ஒன்றை முழு மரக்கட்டையோடு வாங்கியிருக்கிறான், பேரல் குழலை மூடியிருக்கும் முன்பக்கக் கட்டையை அறுத்துவிட்டு, தூரத்தைக் கிட்டக் காட்டுகிற ஸ்கோப் மாட்டப்போகிறான், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்கிறாய். முப்பது வருஷம் டூல் ரூமில் இருந்தவன் என்று கேட்கிறாயா, இல்லை என்.சி.சி. கேம்பில் என் தோள் வீங்கியதை நினைத்துக்கொண்டு கேட்கிறாயா?

ஞாபகம் இருக்கிறதா? தியாகராயா காலேஜில் பி.யு.சி. படித்த வருஷம். அதுவரை பாயிண்ட் டூ டூ என்ற சின்னத் துப்பாக்கியில் சுட்டுவிட்டுப் பெரிய வீரன் மாதிரி திரிந்தோம். கேம்பில் ஆளுக்கு ஐந்து ரவுண்டு திரீ நாட் திரீ கொடுத்தார்கள். தோளோடு இறுக்கிப் பிடி என்று உஸ்தாத் கத்திக்கொண்டே இருந்தார். நான் பயத்தில் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். முதல் குண்டிலேயே கழுதை உதைத்த மாதிரி. அம்மா ஒரு வாரம் மஞ்சள் பற்றுப் போட்டாள். நைனா மட்டும், "பட்டாளத்துக்குப் போற மூஞ்சியைப் பாரு" என்றார். நீ ஐந்தையும் டார்கெட்டில் போட்டாய், அதை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அங்கே டிரில்லுக்குத் தனியாகச் சில துப்பாக்கிகள் கொடுப்பார்களே, சுடவே கூடாது என்று 'டி.பி.' (டிரில் பர்ப்பஸ்) என்று குத்தியிருக்கும். தேய்ந்தது, விரிசல் கண்டது எல்லாம் அந்தக் கணக்கில் போகும். பையன் வாங்கியதில் அந்த முத்திரை எங்காவது இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல். இருந்தால் சுவரில் மாட்டி வைக்கட்டும், அதோடு பேச்சு முடிந்தது.

இல்லையென்றால் அடுத்து போல்ட், அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பின்பக்கத்தைப் பூட்டுகிற இரும்புத் தண்டு. போல்ட் கைப்பிடியின் பின்பக்கம் ஓர் எண் இருக்கும். துப்பாக்கி உடம்பில், பின்கட்டை சேருகிற இடத்துக்கு இடப்பக்கம் ஓர் எண் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ராணுவ டிப்போவில் பத்து துப்பாக்கியைப் பிரித்துப் போட்டு மாற்றி மாட்டியதும் உண்டு. வேறு போல்ட் என்றால் தோட்டாவின் அடிக்கும் போல்ட் முகத்துக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கலாம். அப்படிக் கூடினால் சுடும்போது பித்தளைக் கூடு இழுபட்டு, அடிப்பக்கம் வெட்டின மாதிரி பிரிந்து, சூடான வாயு முகத்துக்கு நேரே திரும்பும். அவன் வைத்திருப்பது நம்பர் 4 ரகம் என்று எழுதியிருக்கிறாய். அதில் ஓர் அழகு உண்டு. போல்ட் தலை தனியாகக் கழன்று வரும். 0, 1, 2, 3 என்று அதன் மேல் குத்தியிருக்கும். ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சில தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ்) நீளம். தேய்மானம் கூடினால் அடுத்த எண் தலையை மாட்டிச் சரிசெய்ய வேண்டியதுதான். லேத் முன்னால் நின்ற எவனுக்கும் அதைப் பார்த்தால் கை அரிக்கும். ஆனாலும் வீட்டில் வைத்துக் கண்ணால் அளக்க வேண்டாம். அந்த இடைவெளியை அளக்கிற கோ, நோ-கோ கேஜ் வைத்திருக்கிற துப்பாக்கி மெக்கானிக்கிடம் ஒரு தடவை காட்டிவிடட்டும்.

அப்புறம் தோட்டா. ராணுவத் தோட்டா சல்லிசாகக் கிடைக்கிறது என்று அதை வைத்து மானைச் சுடக் கூடாது. 1910ல் வந்த மார்க் 7 தோட்டாவின் குண்டு 174 கிரெய்ன், நம் கணக்கில் 11 கிராம் சொச்சம், முழுக்க உலோக உறை போட்டது. அது விரியாமல் ஊசி மாதிரி உள்ளே போய் வெளியே வந்துவிடலாம். மான் காடு முழுக்க ஓடி, எங்கோ ஒரு புதரில் மணிக்கணக்காகக் கிடந்து சாகும். வேட்டைக்கு முனை மெத்தென்று ஈயம் தெரிகிற குண்டுதான் வேண்டும், 150 கிரெய்னோ 180 கிரெய்னோ. பட்டதும் விரியும், விழுந்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த மாதிரி விரிகிற குண்டைக் கல்கத்தா பக்கத்தில் டம் டம் ஆலையில்தான் வெள்ளைக்காரன் செய்தான். 1899ல் ஹேக் நகரில் கூடிப் போரில் இது கூடாது என்று தடை போட்டார்கள். மனுஷன் மேல் கூடாது என்றதுதான் மானுக்கு வேண்டியிருக்கிறது. இதை நினைத்து இரண்டு நாள் மனசு சரியில்லை, என்ன செய்வது.

பழைய தோட்டாவில் இன்னொரு வம்பு. அதன் அடியில் ஊசி தட்டுகிற கேப்பில் இருக்கும் மருந்து எரிந்தால் ஒருவகை உப்பு மிஞ்சும். பேரலுக்குள் அது காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே ராத்திரியில் துருவைக் கொண்டுவந்துவிடும். எண்ணெய் போட்டால் உப்பு போகாது. கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, அப்புறம்தான் எண்ணெய். எண்ணூர்க் காற்றில் சைக்கிள் செயினைக் காப்பாற்றிய நமக்கு உப்பைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பையன் கனடாவில் வளர்ந்தவன், அவனுக்குச் சொல்.

குறி பார்ப்பது பற்றி ஒன்று. நம்பர் 4ல் பின்பக்கம் ஒரு துளை வழியாகப் பார்க்கிற சைட் இருக்கும். சிலவற்றில் மடக்கி மாற்றுகிற சாதா ரகம், 300 கெஜம், 600 கெஜம் இரண்டே நிலை. எதிரி தூரத்தில் நிற்பான் என்று வைத்த கணக்கு அது. 300க்கு வைத்ததை 100 கெஜத்தில் நிற்கிற மான் மேல் பிடித்தால் குண்டு சில அங்குலம் மேலே போகும். மானின் நெஞ்சுப் பகுதி நம் டிபன் தட்டு அளவுதான். முதுகைச் சிராய்த்துவிட்டுப் போனால் அந்தப் பாவம் யாருக்கு? ஆகவே சீசனுக்கு முன் மைதானத்தில் காகிதத்தில் சுட்டு, எவ்வளவு கீழே பிடிக்க வேண்டும் என்று பழகட்டும். 100 கெஜத்துக்கு மேல் நிற்பதை விட்டுவிடட்டும்.

அவ்வளவுதான் என்றால் ஸ்கோப் எதற்கு? உன் நாட்டில் வடக்கே பனிப் பக்கம் காவல் இருக்கிற கனேடியன் ரேஞ்சர்கள் 1947ல் இருந்து அண்மைக்காலம் வரை இதே துப்பாக்கியை இதே இரும்பு சைட்டோடு பனிக்கரடிக்காக வைத்திருந்தார்கள். அறுப்பது பற்றி என் முடிவு இதுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இவை குப்பை விலைக்கு வந்தன. அப்போது விவசாயி ஒருவன் கட்டையை வெட்டி எடையைக் குறைத்துக்கொண்டான், அது அவன் தேவை, தப்பில்லை. இன்று முழுசாக மிஞ்சியவை குறைந்துவிட்டன, வெட்டினதைவிட வெட்டாததற்குத்தான் விலை. ஏற்கெனவே யாரோ வெட்டின ஒன்றை வாங்கி அதில் ஸ்கோப் மாட்டட்டும். இதை முழுசாக விடட்டும். வெட்டின கட்டை ஒட்டாது மச்சான்.

உனக்குத் தெரியுமா, இந்தத் துப்பாக்கிக்கு உன் ஊரும் என் ஊரும் சொந்தம். லீ என்ஃபீல்டு என்பதில் லீ, ஸ்காட்லாந்தில் பிறந்து சின்ன வயசிலேயே ஒண்டாரியோவுக்கு வந்து வளர்ந்த ஆள். போர்க்காலத்தில் உன் டொராண்டோ பக்கம் லாங் பிராஞ்ச் ஆலையில் 9 லட்சம் அளவுக்குச் செய்தார்கள், வேலை செய்ததில் பெரும்பாலும் பெண்கள். என்ஃபீல்டு, இங்கிலாந்தில் அரசு ஆயுத ஆலை இருந்த ஊர். அந்த ஆலைக்கு உதிரி பாகம் செய்து கொடுத்த கம்பெனிதான் அந்தப் பேரைச் சைக்கிளுக்கும், பிறகு மோட்டார் சைக்கிளுக்கும் வைத்தது. 1955ல் அது சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் நாம் விடிகாலையில் கேட்ட சங்குச் சத்தம் ஆனது. துப்பாக்கி மாதிரிச் செய்தது என்பதுதான் அவர்கள் விளம்பர வாக்கியமே. உன் நைனாவின் புல்லட்டில் உட்கார்ந்து கேம்புக்குப் போய் அதன் அண்ணனைச் சுட்டிருக்கிறோம், அப்போது தெரியாமல் போச்சு.

இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991 திருத்தமும் வந்த அப்புறம் வேட்டை என்ற பேச்சே இல்லை. திரீ நாட் திரீயைத் தனியார் வைத்துக்கொள்ளவும் முடியாது. லைசென்ஸ் உள்ளவர்களுக்கென்று அதே உடம்பில் .315 என்ற வேறு அளவுத் தோட்டாவுக்கு ஏற்றபடி அரசு ஆலையில் செய்தார்கள். எனக்கு அதில் வருத்தமும் இல்லை. ஆனாலும் அந்த போல்ட்டைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளுகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

உன் வீட்டம்மா மான்கறியை அடுக்களைக்குள் விடமாட்டேன் என்றாளாமே. கொழுப்பே இல்லாத கறி, நல்லெண்ணெய் கூட ஊற்றி மிளகுக் குழம்பு வைத்தால் மனசு மாறிவிடும். இங்கே என் வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்குச் சர்க்கரை. விம்கோ நகர் வரை மெட்ரோவில் போய்வருவதுதான் என் உல்லாசப் பயணம்.

போல்ட் எண், உடம்பில் இருக்கிற எண், போல்ட் தலையில் குத்தின எண், மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். நீ எடுக்காதே. போன தடவை பேத்தியை எடுக்கிறேன் என்று உன் கட்டைவிரலை அனுப்பிவைத்தாய்.

உன்,
ஃபிட்டர்