மகளுக்கு, சென்ஷர் பற்றி

அன்பு மகளுக்கு,

ஆபீஸில் உனக்கு எழுத்தில் கண்டனத் தண்டனை கொடுத்ததை "சென்ஷர் போட்டுட்டாங்கப்பா" என்று சொன்னவள், அப்புறம் ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்துவிட்டாய். அம்மாவுக்குத் தெரிந்தது சினிமா சென்சார்தான். உன் வேலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இரண்டும் ஒரே வேரில் வந்த சொற்கள்தான். பழைய ரோமில் சென்சார் என்றொரு அதிகாரி உண்டு. குடிமக்களைக் கணக்கெடுப்பது அவர் வேலை. சென்ஸஸ் என்கிறோமே, அதுவும் அங்கிருந்து வந்ததுதான். கணக்கெடுக்கும்போது, நடத்தை சரியில்லாதவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி போடுவார். செனட்டர் பெயரையே பட்டியலிலிருந்து எடுத்துவிடும் அதிகாரமும் அவருக்கு இருந்தது. படத்தை வெட்டுகிற சென்சார் ஒரு பக்கம் போய்விட்டது. உனக்கு வந்த சென்ஷர் அந்தக் குறியின் வாரிசு. மேலதிகாரி திட்டினால் அது அன்றோடு போகும். இது சர்வீஸ் புக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

சபைகளிலும் இந்தச் சென்ஷர் உண்டு. கம்யூனிஸ்ட் என்று பலர்மேல் பழி சுமத்திய செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியை அமெரிக்க செனட் 1954 டிசம்பர் 2-ல் 67-க்கு 22 என்ற வாக்கில் கண்டித்தது. பதவி போகவில்லை, 1957-ல் இறக்கும்வரை செனட்டராகவே இருந்தார். ஆனால் நாட்டையே நடுங்க வைத்த செல்வாக்கு போய்விட்டது. நம் மக்களவையில் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. காரணம் சொல்லித்தான் கண்டிக்க வேண்டும். உன் விஷயத்திலும் நான் பிடித்துக்கொள்வது இதைத்தான்.

மத்திய அரசு ஊழியர்களுக்கான ஒழுங்கு நடவடிக்கை விதிகள், அதாவது சி.சி.எஸ். (சி.சி.ஏ.) விதிகள், 1965, பதினொன்றாம் விதியை எடுத்துப் பார். சிறு தண்டனைகளில் முதலில் இருப்பது சென்ஷர். ப்ரமோஷனை நிறுத்துவது, நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடிப்பது, இன்கிரிமென்ட் கட் எல்லாம் அதற்குப் பிறகுதான். வார்னிங் இந்தப் பட்டியலிலேயே கிடையாது. சிறியது என்றாலும் சென்ஷர் தண்டனைதான். அதனால் பதினாறாம் விதிப்படி குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, உன் பதிலை வாங்கி, அதைப் பரிசீலித்த பிறகே போட முடியும். நீ பதில் எழுதிக் கொடுத்தாய், எனக்குத் தெரியும். ஆர்டரில் அதற்கு என்ன சொல்லியிருக்கிறார்கள்? "விளக்கம் திருப்திகரமாக இல்லை" என்ற ஒரே வரிதானா? ஏன் திருப்தி இல்லை என்று கேட்க உனக்கு உரிமை உண்டு. அப்பீலில் முதல் பாயின்ட்டாக அதை வை.

உன் பேரில் தப்பே இல்லை என்று எழுதாதே. ஃபைல் உன் மேஜையில் தாமதமானது உண்மையென்றால் அதைச் சொல்லிவிட்டு, ஏன் தாமதமானது என்று தேதி வாரியாகக் காட்டு. உண்மையை மறைத்த அப்பீல் நிற்காது. ப்ரமோஷன் போச்சு என்று அழவும் வேண்டாம். சென்ஷர் ஒன்று இருப்பதாலேயே ப்ரமோஷன் தடைபடாது, ப்ரமோஷனை முடிவுசெய்யும் கமிட்டியான டி.பி.சி. உன் மொத்த சர்வீஸையும் எடைபோடும்போது இதையும் பார்க்கும், அவ்வளவுதான். நீ எப்படி உழைக்கிறாய் என்று எங்களுக்குத் தெரியும், கண்ணு. இந்த ஒரு தாளை வைத்து உன்னை நீயே எடைபோடாதே.

ஆர்டர், மெமோ, நீ கொடுத்த பதில் மூன்றையும் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பு. ஆர்டர் கைக்கு வந்த தேதியையும் சேர்த்து எழுது. அப்பீலுக்கு 45 நாள்தான், அது அந்தத் தேதியிலிருந்தே ஓடுகிறது.

அன்புடன்,
அப்பா