பரிசோதனை குட்டைக் கரைக்கு வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கடல் உணவு ஏற்றுமதி பற்றிச் சென்ற வாரம் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். 2024-25இல் இந்தியா ரூ.62,408 கோடிக்கு ஏற்றுமதி செய்தது என்பதைப் பார்த்ததும் பெருமையாக இருந்தது. வேதாரண்யம் பக்கம் பன்னிரண்டு ஆண்டுகளாக வன்னாமி இறால் வளர்க்கிறேன். அந்தக் கணக்கில் என் குட்டை இறாலும் சேர்ந்திருக்கும். ஆனால் அது எந்த நாட்டுக்குப் போனது என்று ஒருமுறைகூட யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த ஆண்டு வெளிநாடு போன உறைந்த இறால் 7.41 லட்சம் டன். அதில் 3.11 லட்சம் டன் அமெரிக்காவுக்கே போனது. 2025 ஆகஸ்டில் அங்கே கூடுதல் வரி 50 சதவீதமானபோது முதல் அடி எங்களுக்குத்தான் விழுந்தது. கிலோவுக்கு நாற்பது எண்ணிக்கை நிற்கும் இறால், நல்ல வளர்ச்சி. வலை போட ஆள் சொல்லியாகிவிட்டது. விடியற்காலையில் வியாபாரி போன் செய்து விலையைக் குறைத்தார். பிடிக்காமல் விடவும் வழியில்லை. ஒவ்வொரு நாளும் தீவனச் செலவும் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓடும் கரண்ட் செலவும் ஏறிக்கொண்டே போகும்.

ஐரோப்பா, பிரிட்டன், ஜப்பான் பக்கம் திரும்ப வேண்டும் என்று கட்டுரை சொல்வது முற்றிலும் சரி. பிரிட்டனோடு 2025 ஜூலையில் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் மேலும் 102 இந்திய ஏற்றுமதி நிலையங்களுக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் அதே ஒன்றியம்தான் நம் பண்ணை இறால் சரக்குகளில் 10 சதவீதத்துக்கு இருந்த மாதிரிச் சோதனையை 2016இல் 50 சதவீதமாக உயர்த்தியது. குளோராம்பெனிகால், நைட்ரோஃபுரான் போன்ற தடைசெய்யப்பட்ட ஆன்டிபயாடிக் மருந்துகளின் எச்சம் தெரிந்தால் சரக்கு உள்ளே போகாது.

இந்த எச்சம் எப்படி வருகிறது என்பதைக் கரையில் நிற்பவர்கள் அறிவோம். இறால் தின்கிறதா என்று பார்க்கக் குட்டைக்குள் வைக்கும் செக் ட்ரேயைத் தூக்கிப் பார்த்தால் தீவனம் அப்படியே மிச்சம் கிடக்கும். இறாலின் குடல் வெளுத்திருக்கும். மனம் பதறும். கடைக்கு ஓடினால் லேபிள் இல்லாத டப்பா ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். “தீவனத்துல பிசறிப் போடுங்கண்ணே, நாலு நாள்ல தேறிடும்.” உள்ளே என்ன மருந்து என்று கேட்டேன், பதில் இல்லை. வாங்காமல் திரும்பினேன். கடன் கழுத்தை நெரிக்கும் இன்னொருவர் வாங்கியிருக்கக்கூடும். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் இறாலும் என் இறாலும் ஒரே லாரியில், ஒரே ஐஸில்தான் போகின்றன.

அறுவடைக்கு முன்பே மருந்து எச்சம் இருக்கிறதா என்று காட்டும் எலிசா பரிசோதனை செய்யும் வசதியைக் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் வைத்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் வெண்புள்ளி நோய் கண்டுவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாகப் பிடித்தாக வேண்டும்; அறிக்கை வரும்வரை இறால் உயிரோடு இருக்காது. ஆகவே, வளர்ப்பின் நடுவிலேயே ஒருமுறை மாதிரி எடுத்துப் பார்க்க நடமாடும் ஆய்வகம் எங்கள் ஊர்களுக்கு வர வேண்டும். தேறிய குட்டையின் இறாலைத் தனியாக ஏற்றி, தனி விலை கொடுக்க வேண்டும். லேபிள் இல்லாத மருந்து விற்கும் கடைகளில் அதிகாரிகள் நேரில் புகுந்து பார்க்க வேண்டும்.

அடுத்த மாதம் குஞ்சு விடுகிறேன். அறுபதாம் நாள் என் குட்டையில் மாதிரி எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓர் இறால் விவசாயி,
வேதாரண்யம்