பெயின்ட் உதிர்ந்த கிட்டாரும் அதை வாசித்த மனிதரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் அதிக விலைக்கு ஏலம் போன கிட்டார்களைப் பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். அயர்லாந்து ராக் கிட்டார்காரர் ரோரி கேலகரின் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு (ஃபெண்டர் கம்பெனியின் மின்சாரக் கிட்டார் ரகம்) அதில் கிடைத்தது மூன்றே வரி. லண்டனில் 2024 அக்டோபரில் ஏலம், ஏறக்குறைய 9 லட்சம் பவுண்ட் விலை, ‘பெயின்ட் உதிர்ந்த பழைய கிட்டார்’. சொன்னதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்த பெயின்ட் ஏன் உதிர்ந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. பெங்களூரு காக்ஸ் டவுனில் வெகுகாலமாகக் கிட்டார் பழுது பார்த்துப் பிழைக்கிறவன் நான். மனது கேட்காமல் எழுதுகிறேன்.

கேலகர் பிறந்தது 1948 மார்ச் 2, டொனிகால் மாவட்டத்து பாலிஷானன் என்ற சின்ன ஊரில். வளர்ந்தது டெர்ரியிலும் கார்க் நகரத்திலும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ் அவருக்கு வானொலி வழியாக வந்தது. பதினைந்து வயதில் ‘ஷோபேண்ட்’ ஒன்றில் சேர்ந்தார். நம் கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ரா மாதிரிதான் அது. எல்லோரும் ஒரே மாதிரி கோட் போட்டுக்கொண்டு, அந்த வாரம் ஊரே முணுமுணுக்கும் பாட்டுகளை வாசிக்க வேண்டும். 1963இல் கார்க்கில் உள்ள க்ரௌலி இசைக்கருவிக் கடையில் அந்த 1961 மாடல் ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பார்த்தார். செகண்ட் ஹேண்ட்தான், ஆனாலும் விலை 100 பவுண்டை ஒட்டி இருந்தது. அந்த வீட்டுக்கு அது மலை போன்ற தொகை. ரிதம் (பின்னணித் தாளம்), லீட் (முன்னணி மெட்டு) இரண்டையும் நானே வாசித்துவிடுவேன், இன்னொரு ஆளுக்குச் சம்பளம் மிச்சம், அதில் தவணை கட்டிவிடலாம் என்று அம்மாவிடம் கணக்குச் சொன்னாராம். சொன்னபடி செய்தும் காட்டினார். பிறகு தானே நடத்திய குழுக்களில் இரண்டாவது கிட்டார்காரர் என்று தனியாக ஒருவரை அவர் வைத்துக்கொள்ளவில்லை.

வாங்கிச் சில வருடத்தில் டப்ளினில் அந்தக் கிட்டார் திருடு போனது. எடுத்தவன் ஒரு பள்ளத்தில் வீசிவிட்டுப் போக, நாள்கணக்கில் மழையில் கிடந்து திரும்பி வந்தது. அதற்கு மேல்தான் வியர்வை. இதை நான் தொழில்காரனாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஃபெண்டர் கிட்டார்களுக்கு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அடித்திருப்பார்கள். மெல்லிய பூச்சு, மூச்சு விடுகிற பூச்சு. வியர்வையின் உப்பு அதை மெதுவாக அரிக்கும், மழைத்தண்ணீர் இண்டுக்குள் புகுந்து தூக்கிவிடும். கேலகர் மேடையில் நின்றால் இரண்டு மணி, மூன்று மணி நேரம் ஓயமாட்டார். கட்டம் போட்ட சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ள, வலது முழங்கை உரசுகிற மேல் விளிம்பு முதலில் மரம் தெரியத் தேய்ந்தது, பிறகு முன்பக்கத்தில் பெரும்பகுதி. இன்றைக்கு வருகிற கிட்டார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பூசுவது தடித்த பாலியெஸ்டர் அல்லது பாலியூரித்தேன். ஒரு ஆயுள் முழுக்க வியர்த்தாலும் அது அப்படி உதிராது.

நெக், அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி, இன்னும் பெரிய கதை. வியர்வையைக் குடித்துக் குடித்து அது ஈரமேறிப் போயிற்று. கழற்றி, வேறு நெக் மாட்டி வாசித்து, பழையது காய்ந்து நிலைக்கு வந்த பிறகு மறுபடியும் அதையே பூட்டிக்கொண்டார். பெங்களூரில் ஏப்ரல் வெயில் முடிந்து ஜூன் மழை பிடித்ததும் என் கடைக்கு வருகிற கிட்டார்களில் பாதி நெக் வளைந்த கேஸ்தான். அந்தக் காலத்து ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்றால் நெக்கை நிமிர்த்தும் திருகு அடிப்பக்கம், உடம்போடு சேருகிற இடத்தில் ஒளிந்திருக்கும். சரியாகக் கை வைக்க நெக்கையே தளர்த்தவோ கழற்றவோ வேண்டும். பூட்டி, கம்பி ஏற்றி, சுதி சேர்த்து, மறுபடியும் கழற்ற வேண்டியிருக்கும். அவ்வளவு பாடுபட்டு ஒருவர் பழைய நெக்கிடமே திரும்பிப் போகிறார் என்றால் அந்தக் கருவியோடு அவருக்கு இருந்த உறவு எப்படிப்பட்டது என்று எனக்குப் புரிகிறது. கம்பி சுற்றும் சாவிகளில்கூட ஒன்று மற்றவற்றோடு சேராத வேறு ரகம். பழுதானதை மாற்றினார், வாசித்தார், அவ்வளவுதான்.

வாசிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீணையில் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிப்பதைக் கேட்டுப் பழகிய காதுக்கு ப்ளூஸ் அந்நியமாகவே இருக்காது. கேலகர் ஒரு ஸ்வரத்தை அடியிலிருந்து இழுத்து, சேர வேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழேயே நிறுத்தி, பிறகுதான் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார். அவர் கரகரத்த குரலும் அதே வழியில் போகும். 1966இல் ‘டேஸ்ட்’ என்ற மூவர் குழுவைத் தொடங்கினார். 1970இல் இங்கிலாந்தின் வைட் தீவு இசைவிழாவில் பெரிய பெயர் எடுத்த கையோடு நிர்வாகத் தகராறில் அது உடைந்தது. 1971இலிருந்து தன் பெயரிலேயே இசைத்தட்டுகள். பிரிட்டனின் மெலடி மேக்கர் இசை இதழின் வாசகர்கள் அவரைப் புகழ்பெற்ற கிட்டார்காரர் எரிக் கிளாப்டனுக்கு மேலே வைத்தார்கள். அதே சமயத்தில் அமெரிக்க ப்ளூஸ் மேதை மடி வாட்டர்ஸ் லண்டனில் பதிவு செய்தபோது கூட அமர்ந்து வாசித்தார். சிறுவயதில் வானொலியில் தேடித் தேடிக் கேட்ட மனிதரின் பக்கத்திலேயே! ‘சிங்கிள்’ (ஒற்றைப் பாட்டுத் தட்டு) போடுங்கள், இன்னும் விற்கும் என்று கம்பெனிகள் எவ்வளவோ சொல்லியும் பாட்டை வெட்டிச் சுருக்க அவர் சம்மதிக்கவில்லை. 1975இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவே ராட்டர்டாமுக்கு அழைத்து வாசிக்க வைத்துப் பார்த்தது. வாசித்துவிட்டு, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஜப்பான் கச்சேரிகளுக்குப் புறப்பட்டுப் போனார்.

உங்கள் கட்டுரையில் பெல்ஃபாஸ்ட் இல்லாததுதான் எனக்குப் பெரிய குறை. வட அயர்லாந்தின் தலைநகர், கத்தோலிக்கர்-புராட்டஸ்டன்ட் மோதலில் எழுபதுகளில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த ஊர் அது. பெரும்பாலான குழுக்கள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. கேலகர் விடாமல் போனார். அங்குள்ள அல்ஸ்டர் ஹாலில் கத்தோலிக்கப் பையன்களும் புராட்டஸ்டன்ட் பையன்களும் தோளோடு தோள் நின்று கேட்டார்கள். 1974இல் வந்த அவருடைய அயர்லாந்துச் சுற்றுப்பயண இசைத்தட்டுக்கு பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் மூன்று ஊரிலும் பதிவு செய்தார்கள். அந்தக் கேசட்டை எனக்குக் கொடுத்தவர் எங்கள் தெரு ஆங்கிலோ இந்தியர் ஒருவர். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது எங்கள் இசைக்குழுவில் டிரம்ஸ் ஒரு கன்னட நண்பர், பாஸ் கிட்டார் ஒரு மலையாளி. தமிழ் வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள். அந்தக் கன்னட நண்பர் ஸ்கூட்டரில் அரிசியும் பாலும் கட்டிக்கொண்டு வந்து என் அப்பாவிடம் கொடுத்துவிட்டு, “ஞாயிற்றுக்கிழமை பிராக்டிஸ் உண்டா அங்கிள்?” என்று கேட்டார். அவர் குரல் இன்னும் காதில் இருக்கிறது. பெல்ஃபாஸ்ட் ஏன் பெரிய விஷயம் என்று அன்றைக்கு இந்த ஊரில் இருந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் அந்த ஹாலுக்கு வெளியே அவருக்குச் சிலை திறந்தார்கள்.

கடைசி வருடங்களில் உடம்பு கெட்டது. 1995இல் லண்டனில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு தொற்று ஏற்பட்டு ஜூன் 14 அன்று காலமானார். வயது 47.

இப்போது இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், உங்கள் கட்டுரை வந்த வாரமே கல்லூரி மாணவர் ஒருவர் புத்தம் புதுக் கிட்டாரோடு கடைக்கு வந்தார். அதிலிருந்த கேலகர் கிட்டாரின் படத்தைக் காட்டி, “அண்ணா, இதே மாதிரி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக் குடுங்க” என்றார். பெற்றோர் தவணையில் வாங்கிக் கொடுத்த கிட்டார். நான் மறுத்துவிட்டேன். கம்பியின் உயரத்தை மட்டும் இறக்கிச் சரிசெய்து, கேலகரின் பாட்டு ஒன்றைப் போனில் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, அந்த இழுப்பைச் சொல்லிக் கொடுங்கள் என்று உட்கார்ந்துவிட்டார். தம்பியின் மேல் எனக்குக் குறையே இல்லை. தேய்ந்த கோலத்திலேயே தொழிற்சாலையில் செய்த நகல்கள்கூட விற்பனைக்கு வருகின்றன. விலையும் படமும்தானே அவருக்குக் கிடைத்தது.

இன்னொன்றையும் விட்டுவிட்டீர்கள். ஏலத்தில் எடுத்தவர் அந்தக் கிட்டாரைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார்.

கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ பேர் தேவாலயத்திலும் ஹோட்டல் மேடையிலும் வாசித்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அவர்களுடைய கிட்டார்கள், டிரம்பெட்டுகள், அக்கார்டியன்கள் பரணில் கிடக்கின்றன. வீடு இடிக்கும்போது பழைய சாமான் கடைக்குப் போகின்றன. உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, வாரம் ஒரு கருவியையும் அதை வாசித்தவரையும் படத்தோடு போடுங்கள். சிவாஜிநகர், அல்சூர், ஆஸ்டின் டவுன் என்று வீடு வீடாக நானே உடன் வருகிறேன். வாசிக்கும் நிலையில் இல்லாத கிட்டார்களுக்கு என் செலவில் கம்பி மாற்றி, நெக் சரிசெய்து தருகிறேன். பாலிஷ் மட்டும் போடமாட்டேன், தேய்ந்தது தேய்ந்தபடியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
கிட்டார் பழுது பார்க்கும் வாசகர்,
காக்ஸ் டவுன், பெங்களூரு.