‘உரித்துவிடலாம்’ என்ற சொல்லுக்குப் பின்னால்: ரப்பர் ஸ்பிரே தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

காரின் சக்கரங்களுக்கும் அலங்காரப் பட்டைகளுக்கும் அடித்து, வேண்டாதபோது உரித்தெடுக்கும் ரப்பர் பூச்சை டப்பாவில் அடைத்து விற்கும் தயாரிப்பாளர்களுக்கும், அந்த டப்பாவின் மேல் எதைப் பெரிய எழுத்தில் அச்சிடுவது, எதைச் சிறிய எழுத்தில் அச்சிடுவது என்று முடிவு செய்பவர்களுக்கும்,

வணக்கம்.

என் காரின் நான்கு அலாய் வீல்களையும் பளபளப்பில்லாத கறுப்பாக மாற்ற நினைத்து இரண்டு டப்பா வாங்கியவன் நான். இரண்டாவது கோட்டிலேயே, அதாவது இரண்டாவது அடுக்குப் பூச்சிலேயே, வெள்ளி நிறம் முழுவதும் மறைந்து, சக்கரங்கள் அசல் கறுப்பாகத் தெரிந்தன. டப்பாவும் காலியாகிவிட்டதால் வேலை முடிந்தது என்று கையைக் கழுவினேன். ஒன்றரை ஆண்டு கழித்துப் பழைய நிறமே போதும் என்று தோன்றி, ஒரு பிற்பகலில் உரிக்க உட்கார்ந்தேன். பாம்பு சட்டை உரிப்பதுபோல் ஒரே இழுப்பில் வரும் என்று நினைத்த படலம் நகக்கண் அளவுத் துணுக்குகளாகப் பிய்ந்து வந்தது. ஆரக்கால்களின் உட்பக்க மடிப்பிலும் நட்டுக் குழிகளின் ஓரத்திலும் அது கறுப்பு அழுக்கைப்போல் ஒட்டிக்கொண்டு நின்றது. பொழுது சாயும்போது ஒரு சக்கரம்தான் முடிந்திருந்தது. வலது கட்டைவிரலின் நுனி கன்றிப்போயிருந்தது.

பூச்சில் எந்தக் குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தவறு என்னுடையது. ஆனால் அந்தத் தவறைச் செய்யும்படி என்னைத் தூண்டியது டப்பாவின் முகப்பு. ‘உரித்துவிடலாம்’ என்ற வாக்குறுதி அங்கே உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது. அந்த வாக்குறுதி எந்த நிபந்தனையில் பலிக்கும் என்பதோ பின்பக்கத்தில், எச்சரிக்கைகளுக்கு நடுவில், ‘பல கோட்டுகள் அடிக்கவும்’ என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிக் கிடக்கிறது. ‘பல’ என்பது இரண்டா, ஐந்தா?

இந்தப் பூச்சு சாதாரண வண்ணத்தைப்போல் நடந்துகொள்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்; வாங்குபவருக்குத் தெரியாது. செயற்கை ரப்பரைக் கரைப்பானில் கரைத்து, வாயுவின் அழுத்தத்தில் பீய்ச்சுகிறோம். கரைப்பான் ஆவியாகிப் போனபின் மேற்பரப்பில் மிஞ்சும் ரப்பர் மிகக் கொஞ்சம்தான். கீழே இருப்பதை நிறமி மறைக்க ஒன்றிரண்டு கோட்டு போதும். ஆனால் படலம் அறுந்துபோகாமல் உரிந்து வர அது போதாது. படலம் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிடிமானம், அதன் கனம் கூடினாலும் குறைந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். இழுத்தால் கிழியாமல் தாங்கும் வலிமையோ கனத்தோடு சேர்ந்து கூடிக்கொண்டே போகும். அந்த வலிமை பிடிமானத்தை மிஞ்சும் கட்டத்தில்தான் பூச்சு ‘உரியும் பூச்சு’ ஆகிறது. அதுவரை அது மட்டமான ஒரு பெயின்ட், அவ்வளவே. கண்ணுக்கு இரண்டாவது கோட்டில் திருப்தி வந்துவிடுகிறது, கைக்கு ஐந்தாவது கோட்டில்தான் வருகிறது. டப்பா வாங்குபவர் கண்ணைத்தான் நம்புவார்.

இந்தப் பூச்சின் பிறப்பை நினைத்துப் பார்த்தால் குழப்பம் எங்கிருந்து வந்தது என்பது புரியும். அமெரிக்காவின் மின்னசோட்டாவைச் சேர்ந்த, 1972 முதல் விற்பனையில் இருக்கும் பிளாஸ்டி டிப் என்ற பிராண்டின் பெயரே சொல்வதுபோல, இது முக்கியெடுக்கும் பொருளாகப் புழங்கிய ஒன்று. இடுக்கி, குறடு போன்ற கருவிகளின் கைப்பிடியை ரப்பர்க் கரைசலில் முக்கித் தூக்கினால் பிடிக்க வாகான உறை கிடைக்கும். முக்கியெடுக்கும்போது கனம் தானாக வந்துவிடுகிறது. எத்தனை கோட்டு என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. அதே பொருள் ஸ்பிரே டப்பாவுக்குள் புகுந்து கார்ப் பிரியர்களின் கைக்கு வந்தபோது, கனத்தைச் சேர்க்கும் பொறுப்பு ஓசையில்லாமல் அடிப்பவரின் தலையில் விழுந்தது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஆகவே என் முதல் வேண்டுகோள், கோட்டுகளின் எண்ணிக்கையை முகப்புக்குக் கொண்டுவாருங்கள் என்பதுதான். ‘உரிக்க வேண்டுமானால் குறைந்தது 5 கோட்டு’ என்று அந்தப் பெரிய சொல்லின் பக்கத்திலேயே இருக்கட்டும். கூடவே, ஒரு டப்பா எவ்வளவு பரப்புக்குக் காணும் என்பதைச் சதுரக் கணக்கில் எழுதாமல், சக்கரக் கணக்கில் எழுதுங்கள். ஆரக்கால்களும் வளைவுகளும் உள்ள சக்கரத்தின் பரப்பளவைக் கடையில் நின்று கணக்குப் போடுபவர் யாருமில்லை. சக்கரத்துக்கு ஒரு டப்பா என்பது என் அனுபவத்தில் பொருந்தி வருகிற கணக்கு. அதைச் சொன்னால் உங்களுக்கு நான்கு டப்பா விற்கும். நான் இரண்டு வாங்கி ஏமாந்ததில் நம் இருவருக்குமே நட்டம்.

அடிக்கும் முறையைப் பற்றிய படங்களும் திருந்த வேண்டும். முதல் கோட்டு அடியில் இருப்பது பாதி தெரியும்படி, பனி படர்ந்ததுபோல் லேசாக விழ வேண்டும். முதல் கோட்டிலேயே மூடிவிட நினைத்தால் பூச்சு வழிந்து, கீழ் விளிம்பில் சொட்டாகத் திரண்டுவிடும். ஆனால் அடுத்தடுத்த கோட்டுகள் நனைந்து மின்னும்படி விழ வேண்டும், இல்லையென்றால் அவை ஒன்றோடொன்று கலந்து ஒரே படலமாகாது. 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து அடித்தால் பூச்சு ஈரமாகப் போய்ச் சேரும். கை கூசி இரண்டு மடங்கு பின்னால் நின்றால் துளி வழியிலேயே காய்ந்து தூளாக விழுந்து, மேற்பரப்பு உப்புத்தாள்போல் சொரசொரப்பாகிவிடும். அந்தச் சொரசொரப்பைப் பளபளப்பில்லாத பூச்சின் இயல்பு என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். உரிக்கும்போதுதான் அந்த இடம் பொடிந்து வருவது தெரியும்.

பூச்சு படக்கூடாத இடங்களை மறைக்க ஒட்டும் டேப்பை எப்போது எடுப்பது என்பதை எந்த டப்பாவிலும் நான் தெளிவாகக் கண்டதில்லை. கடைசிக் கோட்டு ஈரமாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். காய்ந்தபின் எடுத்தால் டேப்போடு படலமும் கூடவே கிளம்பிவிடும். டயருக்கும் ரிம்முக்கும் இடையில் பழைய சீட்டுக்கட்டின் சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறினாற்போல் வட்டமாகச் செருகிவிட்டால், டேப்பே இல்லாமல் டயர் தப்பித்துவிடும். பூச்சு அடித்து முடித்து, அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாக உருவும்போது விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நிற்பதைப் பார்க்க வேண்டும். இந்த வேலையில் எனக்குப் பிடித்த நிமிடம் அதுதான்.

கிரில்லின் நடுவில் இருக்கும் சின்னத்துக்கு மறைப்பே தேவையில்லை என்பதையும் படம் போட்டுக் காட்டலாம். சின்னத்தையும் அதைச் சுற்றி உள்ளங்கை அளவு இடத்தையும் சேர்த்தே அடித்துவிட்டு, காய்ந்தபின் எழுத்தின் ஓரத்தில் பல்குத்தும் குச்சியால் மெல்ல அழுத்திக்கொண்டே போனால் படலம் அந்த ஓரத்தோடு விட்டுக்கொடுக்கும். பிறகு வெளிப்பக்கத்தை இழுத்தால், சுற்றியிருந்த கறுப்பு முழுவதும் ஒரே துண்டாக வந்துவிடும். சின்னத்தின் மேல் மட்டும் நிறம் நிற்கும். கத்தியை எடுத்தால் கீழே உள்ள பெயின்டில் கீறல் விழும். குரோம் பட்டைகளும் இதற்கு நன்றாக ஒத்துழைக்கின்றன. வழவழப்பான, நுண்துளையற்ற பரப்பு எதுவானாலும் உரிப்பது சுலபம். வண்ணம் பூசாத, சொரசொரப்பான பிளாஸ்டிக் பம்பர் அப்படியல்ல. அதன் குழிகளுக்குள் ரப்பர் இறங்கிவிடும். ஏற்கெனவே கிளியர் கோட் (பெயின்டின் மேலுள்ள நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) கிளம்பத் தொடங்கிய பரப்பிலோ, சரியாகப் பிடிக்காத மறுபூச்சிலோ அடித்தால் உரிக்கும்போது அடியில் உள்ளதும் சேர்ந்து வரக்கூடும். ‘எல்லாப் பரப்புக்கும் ஏற்றது’ என்ற வரியை இந்த ஒரு காரணத்துக்காகவாவது எடுத்துவிடுங்கள்.

அடுத்துச் சொல்வது அழகு சம்பந்தப்பட்டது அல்ல. வீல் நட்டு போய் உட்காரும் கூம்பு வடிவக் குழியிலும், சக்கரம் ஹப்போடு (சக்கரத்தை மாட்டும் சுழலும் மையப் பாகம்) ஒட்டி அமரும் பின்முகத்திலும் இந்தப் பூச்சு ஒரு சொட்டும் படக்கூடாது. நட்டை முறுக்கும்போது உலோகம் உலோகத்தை அழுத்துவதால்தான் இறுக்கம் நிற்கிறது. நடுவில் ரப்பர் இருந்தால், முறுக்கும்போது சரியான இறுக்கம் காட்டிவிட்டு, ஓட்டத்தில் அது நசுங்கி விலகிக்கொடுக்க, நட்டு தளரும். பிரேக் டிஸ்க்கையும் பேடையும் மூட வேண்டும் என்பதும், பகலிலும் இரவிலும் வெளிச்சம் குறைக்கும்படி விளக்குகள்மேல் அடிக்கக்கூடாது என்பதும் இதே வரிசையில் வருபவை. சக்கரத்துக்கென்றே தனியாகப் பெயரிட்டு விற்கும் டப்பாவில், சக்கரம் கழன்றுபோகாமல் இருப்பதற்கான வரி ‘கண்களில் படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்பதற்குக் கீழே பதினோராவது வரியாக இருப்பது சரியல்ல. சக்கரத்தைக் கழற்றி அடித்தவர்கள், மாட்டுவதற்கு முன் அந்தக் குழிகளைத் துணியால் துடைத்துப் பார்க்கும்படி ஒரு சிறு படமாவது முன்பக்கம் வரட்டும்.

பெட்ரோலைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள். காய்ந்த படலத்தைப் பெட்ரோல் இளக்கிக் கரைத்துவிடும். டேங்க் மூடியைச் சுற்றி அடித்தவர் முதல் முறை நிரப்பும்போது சிந்தும் நாலு துளியில் இதைத் தெரிந்துகொள்கிறார். தார் நீக்கும் திரவங்களும், பெட்ரோலியக் கரைப்பான் கலந்த சில மெழுகுகளும் மெதுவாக அதையே செய்யும். உயர் அழுத்தத் தண்ணீர்க் குழாயை விளிம்புக்கு நேராகப் பிடித்தால் படலம் அங்கிருந்து எழும்பத் தொடங்கும். தள்ளி நின்று அடித்தால் ஒன்றும் ஆகாது. பிளாஸ்டி டிப் தன் பூச்சு சுமார் 93 டிகிரி செல்சியஸ் வரை நெகிழ்வு குறையாமல் இருக்கும் என்று குறிப்பிடுகிறது. இப்படி ஓர் எண்ணை எல்லோரும் வெளியிட்டால், ஆரக்கால்களுக்கு அடிக்கலாம், அவற்றின் பின்னால் கொதிக்கும் பிரேக் பாகங்களுக்கு அடிக்கக்கூடாது என்பதை வாங்குபவரே முடிவு செய்துகொள்வார்.

டப்பாவில் அச்சிட்டிருக்கும் முகமூடிப் படத்தில் தூசிக்குப் போடும் துணி முகமூடி இருக்கிறது. கரைப்பானின் ஆவியை அது தடுக்காது. ஆவியை உறிஞ்சும் கரி வடிகட்டி வைத்த முகமூடியின் படம் வேண்டும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவும், தீப்பற்றும். சக்கரத்துக்கு அடிப்பவர் தரையில் உட்கார்ந்துதான் அடிக்கிறார். மூடிய கொட்டகைக்குள் ஒரு சக்கரம் அடித்து முடிப்பதற்குள் எனக்குத் தலை கனத்தது. மற்ற மூன்றையும் வெளியில் இழுத்துப்போட்டு அடித்தேன்.

இனி, என்னைப்போல் கஞ்சத்தனமாக அடித்துவிட்டு உரிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு டப்பாவில் ஒரு வரி இருக்க வேண்டும் என்பதே என் கடைசி வேண்டுகோள். முதல் சக்கரத்தைச் சுரண்டி முடித்த மறுநாள், பழக்கமுள்ள ஒருவர் சொன்னபடி இரண்டாவது சக்கரத்தைக் கழுவிக் காயவைத்து, பழைய படலத்தின் மேலேயே புதிதாக நான்கு கோட்டு தாராளமாக அடித்தேன். புதுப் பூச்சின் கரைப்பான் பழைய படலத்தை இளக்கி, இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஒரு நாள் முழுவதும் காயவிட்டு, விளிம்பை விரலால் தேய்த்துக் கிளப்பி, தாழ்வான கோணத்தில் மெதுவாக இழுத்தபோது மூன்று ஆரக்கால்களின் தோல் சேர்ந்தாற்போல் வந்தது. கால் மணி நேரத்தில் சக்கரம் சுத்தம். உரிப்பதற்காக இன்னும் கொஞ்சம் அடி என்பது கேட்பதற்குத் தலைகீழாக இருப்பதால், தானாக யாருக்கும் தோன்றாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். வெயிலில் ஆண்டுக்கணக்கில் கிடந்து இறுகிப்போன படலத்தில் இந்த வழியும் அவ்வளவாகப் பலிப்பதில்லை என்பதால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் உரித்துவிடும்படியும், அடித்த தேதியைக் குறித்துவைக்கும்படியும் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது சக்கரமும் அப்படியே வந்துவிட்டது. நான்காவதை இன்னும் தொடவில்லை. அதற்கு ஒரு டப்பா வாங்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் டப்பாவின் பின்பக்கத்தைத் தாமதமாகப் படித்த வாடிக்கையாளர்